எப்போது பயணம்?

கடலோர ஊர்களில் வாழும் நம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஊர் வந்து சேர்ந்தால், பள்ளிவாசல் வாயிலில் ஸலாம் உரைத்துக் கைகொடுப்பவர் கேட்கும் முதற் கேள்வி, "எப்ப வந்தீங்க?" என்பதாகும். அடுத்த கேள்வி, "எப்ப பயணம்?" என்பதாகும். முதற் கேள்விக்கு மறுமொழி வருமுன்னரே இரண்டாம் கேள்வி பிறந்துவிடுவதும் உண்டு. கேட்பவர் நெஞ்சில் கள்ளம் இல்லை, அன்பினால்தான் கேட்கிறார். ஆயினும் அக்கேள்விக்குள் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. வந்தவர் மீண்டும் போக வேண்டியவர் என்பதும், சொந்த ஊரில் அவர் இருப்பது விருந்தாளியின் இருப்பே என்பதும் அம்முடிவாகும்.

மறுமொழி உடையவர்க்கு இக்கேள்வி இனிக்கும். "பெருநாள் கழிச்சுப் பயணம், காக்கா" என்று புன்னகையோடு சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். மறுமொழி இல்லாதவர் என் செய்வார்? அவரைப் பற்றியே ஈண்டு எழுத விழைகின்றோம்.

நம் ஊர்களில் ஓர் ஆண்மகனின் வாழ்வுக்கென வகுக்கப்பட்ட பாதை நேரானது. மதரஸாவில் ஓதுவான்; பள்ளிப்படிப்போ கல்லூரிப் படிப்போ முடிப்பான்; இருபது வயதையொட்டிச் சபர் புறப்படுவான். தங்கையரைக் கரையேற்றுவான். பின்னர் அவனுக்கு நிக்காஹ். அதன்பின் வீடு கட்டுதல், மக்களை வளர்த்தல், ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றல். தலை நரைத்தபின் ஊரோடு வந்து தங்குவான். இப்பாதையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் உண்டு. ஓதுகிற பிள்ளை என்றும், சபராளி என்றும், மாப்பிள்ளை என்றும், ஹாஜியார் என்றும் ஊர் அவனை அழைக்கும். இரு படிகளுக்கு நடுவே நின்றுவிட்டவனை அழைக்கத்தான் ஊரிடம் பெயர் இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் துபாயில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுதிய நாம், அந்நிறுவனம் மூடப்பட்டமையால் 2016ஆம் ஆண்டில் ஊர் திரும்பினோம். அப்போது நமக்கு அகவை முப்பத்தைந்து. நிக்காஹ் ஆகவில்லை. வேறு வேலைகளுக்கு எழுதிப் போட்டோம். பார்த்துச் சொல்வதாகப் பதில்கள் வந்தன. நாளடைவில் அவையும் நின்றன. ஊரில் நமக்குக் கடை இல்லை, நிலபுலனும் இல்லை. இன்றோ நாளையோ விசா வந்துவிடும் என்ற எண்ணத்திலேயே மூன்றாண்டுகள் கழிந்தன.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்தினுள் புகுந்தபோது, உடுத்த உடையோடு அம்மான் நகர் வரை வந்து, அங்கிருந்து விமானமேறி இந்தியா திரும்பியோர் பல்லாயிரவர். அவ்வாண்டு மீட்கப்பட்ட இந்தியர் தொகை ஏறத்தாழ 1,70,000 என்பது வரலாறு. 2020ஆம் ஆண்டில் கொரோனா தொற்று உலகை முடக்கியபோது, மே 7ஆம் நாள் தொடங்கிய சிறப்பு விமானங்களில் வளைகுடாவிலிருந்து வந்திறங்கியோரில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தனர். ஆனால் அவர்கள் கூட்டமாகத் திரும்பினர். காரணத்தைச் செய்தித்தாள்கள் ஊருக்குச் சொல்லிவிட்டன. தனியே திரும்பியவனோ காரணத்தைத் தானே சுமந்து, கேட்போர்க்கெல்லாம் தானே விளக்கவும் வேண்டியிருக்கிறது.

கைப்பொருள் கரைவது துன்பந்தான். சேமிப்புக் கணக்கை மாதந்தோறும் பார்ப்பவனுக்கு அது புரியும். அதனினும் பெரிய துன்பம் ஒன்றுண்டு. நம் தங்கைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. வந்தவர்கள் நல்லவர்கள்; பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்றும் சொன்னார்கள். பேச்சின் நடுவே, பெண்ணின் காக்கா என்ன செய்கிறார் என்று வினவினார்கள். "இப்ப ஊர்லதான் இருக்கான்" என்றார்கள் உம்மா. அவ்வளவுதான். பின்னர் அவ்வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. காரணத்தை எவரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோர்க்கும் விளங்கிற்று. அன்றிரவு தங்கை தேநீர்க் கோப்பையை நம்முன் வைத்துவிட்டு, "மனசுல வச்சுக்காதீங்க காக்கா" என்று மட்டும் சொல்லிச் சென்றாள். தன் வாழ்வு தடைப்பட்டவள் நமக்கு ஆறுதல் சொல்ல நேர்ந்ததே என்பதுதான் அன்று நம் நெஞ்சை அறுத்தது. இடைப்பட்ட காலம் அதில் நிற்பவனை மட்டும் தொடுவதில்லை. அவன் வீட்டாரையும் அதே இடத்தில் நிறுத்திவிடுகிறது.

இந்நிலையில் நமக்கு முதல் வெளிச்சம் கிடைத்தது ஒரு ஃபிக்ஹுப் பாடத்தில். எம் மஹல்லாப் பள்ளியில் இஷாவுக்குப் பின் ஆலிம்சா ஒருவர் பாடம் நடத்துவார். ஒருநாள் பயணியின் தொழுகையைப் பற்றி விளக்கினார். பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம் என்பதை நாமெல்லாம் அறிவோம். சென்ற ஊரில் எத்தனை நாள் தங்கினால் அச்சலுகை நீங்கும் என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில், சென்று சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாட்கள் தங்குவதென முடிவு செய்தவர், அங்குச் சேர்ந்ததுமே முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இவ்வெல்லை பதினைந்து நாட்கள்.

தங்குவதா போவதா என்றே தெரியாதவர் நிலை என்ன? காரியம் இன்று முடியும், நாளை முடியும் என்று எதிர்பார்த்தபடியே இருப்பவர் என்ன செய்வார்? நம் முன்னோர் இவரை மறந்துவிடவில்லை. ஷாஃபிஈ சட்டத்தார் அவருக்குப் பதினெட்டு நாட்கள் தவணை தந்தனர். அதுவரை சுருக்கித் தொழலாம். அதற்குமேல், காரியம் முடியாவிடினும், நாளையே புறப்படும் எண்ணம் இருப்பினும், உள்ளூர்க்காரரைப் போல் முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபி சட்டத்தாரோ, பதினைந்து நாள் தங்கும் முடிவு பிறவாத வரையில் ஆண்டுகள் கடந்தாலும் அவர் பயணியே என்றனர். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அஸர்பைஜானில் பனியால் வழியடைபட்டு ஆறு மாதங்கள் தங்க நேர்ந்தபோது சுருக்கியே தொழுதார்கள் என்னும் செய்தியும் இதனோடு எடுத்துரைக்கப்படுவதுண்டு.

நம் தமிழகத்தில் கடலோரத்தார் பெரும்பாலும் ஷாஃபிஈகள். உள்நாட்டார் பெரும்பாலும் ஹனஃபிகள். இவ்விரு தீர்ப்புகளையும் அன்றிரவு அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தோம். சட்டத்தின் எல்லை தொழுகையோடு முடிகிறது என்பதை அறிவோம். ஆயினும் அதனின்று நாம் கற்றுக்கொள்ளலாகாதா? ஹனஃபி தீர்ப்பு, வழியடைபட்டவனே, உன் நிலை நீளினும் உன்மீது இறைவனின் சலுகை நீங்கவில்லை என்று தேற்றுகிறது. ஷாஃபிஈ தீர்ப்பு, எதிர்பார்ப்புக்கும் ஓர் அளவுண்டு, நிற்கும் இடத்தில் முழுமையாக நின்றுகொள் என்று பணிக்கிறது. இடைப்பட்ட காலத்தில் இருப்பவனுக்கு இவ்விரண்டும் வேண்டும். முதலாவது இல்லையேல் உள்ளம் உடையும். இரண்டாவது இல்லையேல் வாழ்நாள் வீணாகும். நாமோ மூட்டையைக் கட்டி வாயிலில் வைத்துக்கொண்டு, வாழ்வின் எல்லாக் காரியங்களையும் சுருக்கிச் சுருக்கியே செய்துவந்தோம். பாதி மனத்தோடு உண்டோம். பாதி மனத்தோடு உம்மாவிடம் பேசினோம். பதினெட்டு நாட்கள் எப்போதோ கடந்துவிட்டன என்பது அன்றுதான் உறைத்தது.

பின்னர் வேறொன்றும் புலனாயிற்று. நம் சமூகத்தின் தோற்றத்தையே எண்ணிப் பாருங்கள். நீராவிக் கப்பல் வருமுன்னர் அரபுக் கடலோடிகளின் பயணத்தைக் காற்றே ஆண்டது. தென்மேற்குக் காற்றைப் பற்றி இக்கரைக்கு வந்தவர், வடகிழக்குக் காற்று எழும்வரை அக்கரைக்குத் திரும்ப இயலாது. கச்சான் ஓய்ந்து வாடை பிறக்கும் வரையில் மாதக்கணக்கில் துறைமுகங்களில் தங்கியே தீரவேண்டும். அவர்கள் சரக்கை இறக்கியவர்கள், ஆனால் போகமுடியாதவர்கள். ஊராரும் அல்லர், வழிப்போக்கரும் அல்லர். அந்தக் காத்திருப்பில்தான் அவர்கள் தமிழ் பேசக் கற்றனர், இங்கே பெண்ணெடுத்தனர், தொழுமிடம் அமைத்தனர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழும் இக்கலப்பின் வழி வந்த செல்வமே. காற்று மட்டும் ஆண்டு முழுதும் ஒரே திசையில் வீசியிருக்குமாயின், வந்தவர் விற்றுவிட்டு உடனே போயிருப்பர். காயலும் கீழக்கரையும் அதிராம்பட்டினமும் பரங்கிப்பேட்டையும் இன்றுள்ளவாறு இருந்திருக்குமா? இடைப்பட்ட பருவத்தில் கருக்கொண்ட சமூகத்தைச் சேர்ந்த நாம், அப்பருவத்தில் நிற்கும் ஒருவனைக் குறையுடையவனாகப் பார்ப்பது விந்தையன்றோ?

இப்னு பதூதாவின் வரலாறும் இதற்குச் சான்றாகும். டெல்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனத்துக்கு அனுப்பப்பட்ட அவர், கள்ளிக்கோட்டையில் எழுந்த புயலில் கப்பலையும் காணிக்கைப் பொருள்களையும் இழந்தார். சீனத்துக்குப் போகக் கப்பல் இல்லை. டெல்லிக்குத் திரும்பச் சுல்தானிடம் அச்சம். 1340களில் இவ்வாறு நடுவில் நின்றுவிட்ட அவர் மாலத்தீவுக்குச் சென்று அங்கே காஜியாகப் பணியாற்றினார். பின்னர் இலங்கைக்குச் சென்று பாவா ஆதம் மலையேறினார். அங்கிருந்து வரும் வழியில் கப்பல் உடைந்து நம் சோழமண்டலக் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்ட கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறை. திட்டமிட்ட பயணம் தடைப்பட்ட காலத்தில் அவர் கண்டெழுதியவை அல்லவா இன்று மாலத்தீவுக்கும் மதுரை சுல்தான்களுக்கும் விலைமதிப்பற்ற வரலாற்று ஆவணமாக இருக்கின்றன?

பாதையினின்று தாமே விலகியவர்களும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பகுதாது நிஜாமிய்யாக் கல்லூரியின் தலைமைப் பேராசிரியராக, முந்நூறு மாணவர்க்குப் பாடஞ்சொல்லி, புகழின் உச்சியில் இருந்தவர்கள். 1095ஆம் ஆண்டில், போவதா இருப்பதா என ஏறத்தாழ ஆறு மாதங்கள் தம்முள் போராடினார்கள். நா எழாமற்போய்ப் பாடஞ்சொல்ல முடியவில்லை, உணவும் செல்லவில்லை. ஈற்றில் அனைத்தையும் துறந்து புறப்பட்டு, டமாஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸ், மக்கா, மதீனா எனச் சென்றார்கள். மீண்டும் 1106இல் நைசாப்பூரில் பாடம் தொடங்கும்வரை பதினோராண்டுகள் ஆயின. இஹ்யா உலூமித்தீன் அவ்விடைக்காலம் ஈன்ற நூல். இவ்வரலாற்றில் நாம் விட்டுவிடக்கூடாத ஒரு குறிப்பு உண்டு. புறப்படுமுன் தம் செல்வத்தைப் பகிர்ந்தளித்த இமாமவர்கள், குடும்பத்தார் வாழ்வுக்குப் போதுமானதை ஒதுக்கி வைத்துவிட்டே சென்றார்கள்.

இக்குறிப்பை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. காத்திருப்பு என்னும் பெயரால் சோம்பலைப் போற்றுவோரும் நம்மிடையே உளர். கைகட்டி அமர்ந்திருப்பதைத் தவக்குல் என்று பெயரிட்டு அழைப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை. மூஸா நபி (அலை) அவர்கள் மிஸ்ரிலிருந்து உயிர்தப்பி மத்யன் வந்தபோது அவர்களிடம் ஏதுமில்லை. எட்டாண்டுகள், விரும்பினால் பத்தாண்டுகள் என்னும் ஒப்பந்தத்தின்பேரில் ஆடு மேய்த்தார்கள் எனத் திருமறையின் கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. அவ்விரு தவணைகளில் நீண்டதையே அவர்கள் நிறைவேற்றினார்கள் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியுள்ளார்கள். அரண்மனையில் வளர்ந்தவர்க்கு ஆடு மேய்ப்பது இடைக்கால வேலைதான். ஆயினும் அதனை அரைகுறையாக அவர்கள் செய்யவில்லை. தூர் மலையில் தூதுத்துவம் கிட்டியது அத்தவணையை முடித்துத் திரும்பும் வழியில் என்பது எத்துணை ஆழ்ந்த செய்தி!

இதுவரை ஆண்களைப் பற்றியே பேசினோம். பெண்களின் காத்திருப்போ இன்னும் நீண்டது, இன்னும் ஓசையற்றது. கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்றும், கருவுற்றிருப்பின் மகவு பிறக்கும்வரை என்றும் ஷரீஅத் எல்லை வகுத்தது. எல்லை வகுத்ததே ஒரு பேரருள். அந்நாள் முடிந்ததும் அவள் வாழ்வு அவளுடையதாகிறது. நம் ஊர் வழக்கமோ இறைவன் நான்கு மாதம் பத்து நாளில் முடித்ததை ஆயுள் முழுதும் நீட்டிவிடுகிறது. நம் சாச்சாவின் மகளார் ஒருவர், நாம் லாத்தா என்று அழைப்பவர், முப்பது வயதில் கணவரை இழந்தார். இத்தா முடிந்து ஆறாண்டுகள் ஆன பின்னரும் "பாவம்" என்னும் ஒரே சொல்லால்தான் ஊர் அவரைக் குறிப்பிட்டது. அவர் அஞ்சல்வழியில் பட்டம் படித்தார். பின்னர்ப் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லித் தரலானார். "எனக்கு இத்தா முடிஞ்சு போச்சு தம்பி, ஊருக்குத்தான் இன்னும் முடியல" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். சபராளியின் மனைவியாய் இரண்டாண்டுக்கொரு முறை இரண்டு மாதம் கணவனைக் கண்டு, எஞ்சிய நாளெல்லாம் தொலைபேசியோடு குடும்பம் நடத்தும் பெண்களின் காத்திருப்புக்கு இத்தாவைப் போல ஓர் எல்லையும் இல்லை.

அம்மூன்றாண்டுகளில் நாம் பெற்றவை சில உண்டு. அவற்றைக் கூறுதல் நன்றியறிதலாகும். நம் வாப்பாவைப் பன்னிரண்டாண்டுகளாகத் தொலைபேசிக் குரலாக மட்டுமே அறிந்திருந்தோம். மாலைதோறும் அவர்களோடு கடற்கரைக்கு நடந்தபோதுதான் நம் பாட்டனாரின் வரலாறு கேட்கக் கிடைத்தது. இரங்கூனில் அவருக்கு ஒரு ஜவுளிக் கடை இருந்தது. பர்மாவில் நெ வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது, 1964இல், வெறுங்கையோடு கப்பலேறி வந்திறங்கினார். இரண்டாண்டுகள் ஊரில் எவ்வேலையும் அமையவில்லை. நாள்தோறும் சுப்ஹுக்குப் பின் பள்ளிவாசல் ஹவுளுக்குக் கிணற்றிலிருந்து நீர் இறைத்து ஊற்றினாராம். கூலி கேட்கவில்லை. ஏன் என்று வாப்பா வினவியபோது, "கை பழக்கம் மறந்துடக் கூடாது வாப்பா" என்றாராம். அவ்விரண்டாண்டுகளைப் பற்றி நம் குடும்பத்தில் எவரும் பேசியதில்லை. மூன்று தலைமுறைச் சபராளிகளின் குடும்பத்தில், நடுவில் நின்ற நாட்கள் மட்டும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டிருந்தன.

அதன்பின் நாமும் கை பழக்கத்தை மறவாதிருக்க முனைந்தோம். கருவாட்டுக் கடைக்காரர் ஒருவருக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுத்தோம். அவர் இன்னொருவரை அனுப்பினார். இன்று எட்டுக் கடைகளின் கணக்கை எழுதுகிறோம். வருவாய் துபாயில் பெற்றதில் பாதிக்கும் குறைவு. தங்கை ஆசிரியப் பயிற்சி முடித்துப் பள்ளியொன்றில் பணிபுரிகிறாள். சம்பந்தம் இன்னும் கூடவில்லை. இவற்றை வெற்றிக் கதையாக முன்வைக்க நாம் விரும்பவில்லை. இடைக்காலம் கடந்தால் பெருஞ்செல்வம் வரும் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. நின்ற இடத்தில் முழுமையாகத் தொழுதவனுக்கு, அந்நாட்கள் வீணாகவில்லை என்பது மட்டும் உறுதி.

ஊருக்கும் ஜமாஅத்தாருக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. திரும்பி வந்தவரிடம் பயண நாளைக் கேட்பதற்கு முன், அவருக்குத் தெரிந்த தொழில் எது, ஊருக்கு அதில் ஏதேனும் செய்ய முடியுமா என்று கேளுங்கள். மின்பணி கற்றவர், கணக்குக் கற்றவர், சமையல் கற்றவர், மொழி கற்றவர் எனப் பலர் ஊர்தோறும் உளர். பெண்கேட்டுச் செல்வோர், அவ்வீட்டு ஆண்கள் எந்நாட்டில் இருக்கிறார்கள் என்பதைவிட, எவ்வாறு இருக்கிறார்கள் என்பதை நோக்குங்கள். வழியடைபட்டு நிற்கும் தம்பிமார்க்கும் தங்கைமார்க்கும் சொல்ல நம்மிடம் பெரிய அறிவுரை இல்லை. மூட்டையைச் சற்றே அவிழ்த்து வையுங்கள். காற்று திரும்பும்போது திரும்பட்டும். அதுவரை கரையில் செய்ய வேண்டிய பணிகள் உள்ளன.

காற்றையும் கரையையும் படைத்த வல்ல அல்லாஹ், நடுவழியில் நிற்போர் அனைவர்க்கும் பொறுமையையும் பணியையும் ஒருங்கே அருள்வானாக! ஆமீன்.